ஆக்டேவியா 1.8 டர்போவின் ஈசியூவை நாமே ரீமேப் செய்யப் பழகுவது எப்படி

ரீமேப் என்பது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குள் உள்ள எண் அட்டவணைகளை (மேப்) மாற்றுவது. அதைப் பழக வருபவர்கள் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்றுதான். அதைவிட முக்கியம், எந்த ஈசியூவில் பழகுவது என்பது. இன்றைய கார்களில் உள்ள ஈசியூக்கள் டிஜிட்டல் கையொப்பத்தால் பூட்டப்பட்டவை. திறக்கவே ஆயிரக்கணக்கில் செலவாகும், தவறு நடந்தால் மீட்பதும் கஷ்டம். பழகுவதற்கு ஏற்றது பாஷ் எம்இ7.5. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 டர்போ பெட்ரோல் எஞ்சினோடு 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது இது. கோல்ஃப் 4, ஆடி டிடி, சியாட் லியோன் ஆகியவற்றில் இருப்பது இதுவே. இந்தியாவில் விற்ற 150 குதிரைத்திறன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலும் இந்த எஞ்சின்தான். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உலகம் முழுக்க ஆர்வலர்கள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை இலவசம்.

கீழே உள்ளதெல்லாம் 150 குதிரைத்திறன் ஆக்டேவியாவை மனதில் வைத்து எழுதியது. இலக்கும் சிறியது: டர்போ, இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட் எதையும் மாற்றாமல் 170 குதிரைத்திறன் பக்கத்தில் கொண்டு நிறுத்துவது. 200-ஐத் தொட நினைப்பவர்களுக்கு இது போதாது. 170-ஐச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள் 200 பக்கம் போகாமல் இருப்பதே எஞ்சினுக்கு நல்லது.

இந்த ஈசியூ எப்படி யோசிக்கிறது

பழைய ஈசியூக்களில் பூஸ்ட் (டர்போ ஊதும் கூடுதல் காற்றழுத்தம்) டேபிளில் எண்ணைக் கூட்டினால் பூஸ்ட் கூடும். எம்இ7 அப்படி இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது அதை முதலில் டார்க் (எஞ்சினின் முறுக்கு விசை) கோரிக்கையாக மாற்றுகிறது. அந்த டார்க்கைக் கொடுக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று கேஎஃப்எம்ஐஆர்எல் என்ற மேப்பில் பார்க்கிறது. அங்கிருந்து வருவது "லோட்" என்ற எண். சாதாரண காற்றழுத்தத்தில் சிலிண்டர் முழுதாக நிரம்பினால் லோட் 100 சதவீதம், டர்போ ஊதினால் அதற்கு மேல். அடுத்து எல்டிஆர்எக்ஸ்என் என்ற ஒற்றை வரி டேபிள், ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் லோட் இதற்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைக்கிறது. இரண்டில் எது சிறியதோ அதுவே செல்லும். அந்த லோட் பிறகு அழுத்தமாகக் கணக்கிடப்பட்டு, டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்தும் என்75 வால்வுக்குப் போகிறது.

கதை அங்கே முடிவதில்லை. ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த உண்மையான காற்றை வைத்து, எஞ்சின் இப்போது எவ்வளவு டார்க் கொடுக்கிறது என்று கேஎஃப்எம்ஐஓபி மேப் வழியாகத் திரும்பக் கணக்கிடுகிறது. கேட்டதைவிட அதிகம் வந்தால் த்ராட்டிலை மூடும், ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். ஆகவே கேஎஃப்எம்ஐஆர்எல்லும் கேஎஃப்எம்ஐஓபியும் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பொருந்த வேண்டும். ஒன்றை மட்டும் கண்டபடி ஏற்றியவர்கள்தான் "ரீமேப் செய்த பிறகு 4,000 ஆர்பிஎம்மில் கார் இழுக்காமல் திணறுகிறது" என்று புலம்புவார்கள்.

எல்லாம் சங்கிலிக் கணக்கு என்பதால், எந்தக் கண்ணி இப்போது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. அதைச் சொல்வது லாக் (ஓட்டும்போது ஈசியூவின் எண்களைப் பதிவு செய்வது) மட்டும்தான்.

வேண்டிய பொருட்கள்

ஈசியூவோடு பேசும் கே-லைன் என்ற கம்பியை லேப்டாப்போடு இணைக்கும் கேகேஎல் கேபிள் ஒன்று. உள்ளே எஃப்டிடிஐ சிப் இருக்க வேண்டும். சிஎச்340 சிப் போட்டு மலிவாக வரும் கேபிள்கள் தவறு கோடு படிக்கப் போதும், ஃப்ளாஷ் செய்ய, அதாவது ஈசியூவில் ஃபைலை எழுத, ஆகாது. பழைய விண்டோஸ் லேப்டாப் ஒன்று. இந்த வேலைக்கு மட்டும் அதை ஒதுக்கிவிடுங்கள், பேங்க் வேலை பார்க்கும் லேப்டாப்பில் செய்யாதீர்கள். வைரஸோடு வரும் கள்ளப் பிரதிகள் இந்த உலகில் ஏராளம்.

சாஃப்ட்வேர் என்று பார்த்தால்: படிக்கவும் எழுதவும் நெஃப்மோட்டோ ஃப்ளாஷர். செக்சம் (ஃபைல் பிழையின்றி இருக்கிறது என்று காட்டும் சரிபார்ப்பு எண்) சரிபார்க்க எம்இ7செக், திருத்த எம்இ7சம். மேப்களை மாற்ற ட்யூனர்ப்ரோ, அதோடு உங்கள் ஃபைலுக்குப் பொருந்தும் டெஃபனிஷன், அதாவது எந்த மேப் எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியல். லாக் எடுக்க எம்இ7லாகர். விசிடிஎஸ் (காரின் கோளாறுகளைப் படிக்கும் சாஃப்ட்வேர்) இருந்தால் கூடுதல் வசதி. மேப்களைக் கண்ணால் தேடிப் பழக வின்ஓஎல்எஸ் டெமோ பதிப்பு போதும்.

இவற்றோடு 13 வோல்ட்டுக்கு மேல் நிலையாகக் கொடுக்கும் பேட்டரி சப்போர்ட் சார்ஜர், 20 ஆம்பியராவது தாங்குவது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்தால் பழைய இரும்புக் கடையிலோ பிரேக்கர் யார்டிலோ 06ஏ906032 என்று பார்ட் நம்பர் தொடங்கும் உபரி ஈசியூ ஒன்று. இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) பொருந்தாது என்பதால் அதைக் காரில் மாட்டினால் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். மேசையில் வைத்துப் படிக்க, எழுத, கெடுக்க, மீட்கப் பழகுவதற்கு அது போதும்.

முதலில் எஞ்சின் நலம்

இந்தக் கார்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. ரப்பர் குழாய்கள் வெடித்த எஞ்சினில் பூஸ்ட்டை ஏற்றுவது வீண். இன்டேக் பைப்பில் மூடி போட்டு, கம்ப்ரஸர் காற்றை 1 பார் வரை மெதுவாக ஏற்றி, சோப்பு நீர் தெளித்துப் பாருங்கள். டைவெர்ட்டர் வால்வின் டயாஃபிராம், இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் ஓடும் பிசிவி குழாய்கள், இன்டர்கூலர் இணைப்புகள் ஆகியவையே வழக்கமாக ஒழுகும் இடங்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் வையுங்கள். அதற்கு மேல் இருந்தால் பூஸ்ட் ஏறும்போது தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் வரும்.

பிறகு விசிடிஎஸ்ஸில் சில குரூப்களை (எண்ணிட்ட அளவீட்டுத் தொகுப்புகள்) பாருங்கள். 032-ல் எரிபொருள் திருத்தம்: முதல் எண் ஐடிலுக்கு, இரண்டாவது ஓட்டத்துக்கு. இரண்டும் பூஜ்யத்தின் அருகில் இருக்க வேண்டும். ஓட்டத்துக்கான எண் +10-ஐ நெருங்கினால் ஏர்ஃப்ளோ சென்சார் சோர்ந்துவிட்டது, அல்லது ஃப்யூயல் பம்ப் பலவீனம். முழு மிதியில் ஏர்ஃப்ளோ எத்தனை கிராம் என்று பாருங்கள். நொடிக்கு ஒரு கிராம் காற்றுக்குச் சுமார் 1.25 குதிரைத்திறன் என்பது கைக்கணக்கு. அப்படியானால் நலமான 150 குதிரைத்திறன் கார் உச்சத்தில் 120 கிராம் பக்கம் காட்ட வேண்டும். 95 காட்டினால் ரீமேப்பை மறந்துவிட்டு சென்சாரைப் பாருங்கள்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. எத்தனால் சேர்ந்த எரிபொருளுக்குக் காற்று விகிதம் வேறு. அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை. எக்ஸாஸ்டில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாரை வைத்து ஈசியூ அதைத் தானே திருத்திக்கொள்ளும் என்பதால் 032-ல் +6, +7 என்று தெரிவது இப்போது நோயல்ல. ஆனால் திருத்தத்தின் இடத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடுகிறது. தவிர, இந்தக் கார் இ20-க்காகச் செய்ததல்ல. பழைய எரிபொருள் குழாய்களையும் ஓ-ரிங்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஃபைலைப் படித்து எடுப்பது

சார்ஜரை மாட்டுங்கள். ஏசி, விளக்கு, ரேடியோ எல்லாம் அணைத்து இக்னிஷனை மட்டும் போடுங்கள். லேப்டாப் தூங்கப் போகாதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். நெஃப்மோட்டோவில் மெமரி வகையாக 29எஃப்800பிபி தேர்ந்தெடுத்து முழு ஃப்ளாஷையும் படியுங்கள். கிடைக்கும் ஃபைல் சரியாக 10,48,576 பைட் இருக்க வேண்டும். இரண்டாவது முறையும் படித்து, இரண்டு ஃபைல்களும் பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் கேபிளிலோ மின்சாரத்திலோ கோளாறு. அந்த நிலையில் எழுதும் பக்கமே போகக்கூடாது.

இணைப்பே கிடைக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் வெளிக்கடையில் மாட்டிய ஸ்டீரியோ மேல். இந்தக் கார்களில் ரேடியோ கனெக்டரின் ஒரு பின்னில் கே-லைன் வருகிறது. ஸ்டீரியோ கடைக்காரர் கவனிக்காமல் அதை வேறு எதனோடோ இணைத்திருந்தால் மொத்தத் தகவல் தொடர்பும் அடைபடும். ரேடியோவைப் பின்னாலிருந்து கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

அசல் ஃபைலை மூன்று இடத்தில் வையுங்கள், ஒன்று காருக்கு வெளியே. அசலின் மேல் எப்போதும் சேமிக்காதீர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயர், தேதி, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி.

பைட்டிலிருந்து எண்ணுக்கு

டெஃபனிஷன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். டெஃபனிஷன் தவறாக இருக்கும் நாளில் இது தெரிந்தவர்தான் பிழைப்பார். ஃபைலுக்குள் 1037 என்று தொடங்கும் பத்து இலக்க பாஷ் சாஃப்ட்வேர் எண் ஒன்று இருக்கும். டெஃபனிஷன் அதே எண்ணுக்கானதா என்று முதலில் பாருங்கள். பார்ட் நம்பர் ஒன்றாக இருந்து சாஃப்ட்வேர் எண் வேறாக இருந்தால் முகவரிகள் நகர்ந்திருக்கும். அப்போது ட்யூனர்ப்ரோ எந்த எச்சரிக்கையும் தராமல் ஏதோ ஒரு இடத்தைத் திறந்து காட்டும். எளிய சோதனை: மேப்பின் ஆர்பிஎம் அச்சு சிறிதிலிருந்து பெரிதாகச் சீராக ஏற வேண்டும். 1,000, 1,520, 240, 9,800 என்று தாறுமாறாக வந்தால் அது அந்த மேப்பே இல்லை.

எம்இ7-இன் கணக்குகளில் சில. எட்டு பிட் ஆர்பிஎம் அச்சில் ஒரு படி 40 ஆர்பிஎம், ஆகவே 75 என்ற பைட் 3,000 ஆர்பிஎம். இக்னிஷன் மேப்பில் ஒரு படி 0.75 டிகிரி, 24 என்றால் 18 டிகிரி. லாம்டா மேப்பில் 128 என்பது 1.00, அதாவது காற்றும் பெட்ரோலும் சரிவிகிதம்; எண் குறைந்தால் பெட்ரோல் கூடுதல். லோட் பதினாறு பிட்டில் இருக்கும், ஒரு படி 0.0234375 சதவீதம்.

எல்டிஆர்எக்ஸ்என் வரியில் ஒரு இடத்தில் ஹெக்ஸில் 00 16 என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிராசஸர் சிறிய பைட்டை முதலில் எழுதும், ஆகவே அதை 1600 என்று திருப்பிப் படிக்க வேண்டும். தசமத்தில் 5,632. அதை 0.0234375-ஆல் பெருக்கினால் லோட் 132 சதவீதம். இதை 150 ஆக்க வேண்டுமானால் 6,400 வேண்டும், ஹெக்ஸில் 1900. ஃபைலில் அது 00 19 என்று இருக்கும். மாறுவது ஒரே ஒரு பைட்தான், ஆனால் அந்த ஆர்பிஎம்மில் டர்போ ஊதும் அழுத்தம் ஏறக்குறைய 0.2 பார் ஏறிவிடுகிறது.

லோட்டிலிருந்து அழுத்தத்தை உத்தேசமாக அறிய: லோட்டை பத்தால் பெருக்கி 300 கூட்டினால் மில்லிபாரில் மொத்த அழுத்தம். 150 என்றால் 1,800 மில்லிபார், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் சுமார் 0.8 பார் பூஸ்ட்.

என்ன மாற்றுவது, எந்த வரிசையில்

முதல் மாற்றம் எல்டிஆர்எக்ஸ்என் மட்டும். இந்தச் சிறிய கே03 டர்போவுக்குப் பழகுவதற்கு ஏற்ற வடிவம் இது:

2,500 ஆர்பிஎம்மில் 138
3,000 முதல் 4,500 வரை 150
5,000-ல் 145
5,500-ல் 138
6,000-ல் 130
6,500-ல் 122

2,500-க்குக் கீழே அசல் எண்களைத் தொடாதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் அதிக டார்க்தான் கனெக்டிங் ராடை வளைப்பது. மேல் பக்கம் சரிந்து இறங்குவதற்கும் காரணம் இருக்கிறது. இந்த டர்போவின் மூச்சு 5,500-க்கு மேல் தீர்ந்துவிடும். அங்கேயும் 150 கேட்டால் காற்று கூடாது, சூடுதான் கூடும். அசல் ஃபைலில் ஏதாவது ஓர் ஆர்பிஎம்மில் இதைவிட அதிக எண் இருந்தால் அசலையே விட்டுவிடுங்கள்.

எழுதி, லாக் எடுத்துப் பாருங்கள். கேட்கப்படும் லோட் 150-ஐத் தொடாமல் நடுவில் நின்றால் தடுப்பது கேஎஃப்எம்ஐஆர்எல். அதில் டார்க் 100 சதவீதத்தை ஒட்டிய கடைசிப் பத்தியை மட்டும் உயர்த்துங்கள், எல்டிஆர்எக்ஸ்என்னைவிட நாலைந்து சதவீதம் மேலே இருக்கும்படி. முன்னால் உள்ள பத்திகளைத் தொட்டால் பாதி மிதியிலேயே கார் பாயும், டிராஃபிக்கில் ஓட்ட முடியாது.

கேஎஃப்எம்ஐஓபியின் லோட் அச்சு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நீங்கள் கேட்கும் 150 அதற்குள் அடங்கினால் அந்த மேப்பை அப்படியே விடுங்கள். அடங்கவில்லை என்றால் கேட்கும் லோட்டைக் குறையுங்கள். அச்சை நீட்டி மேப்பை மறுபடி வரைவது அடுத்த கட்டப் பாடம்.

அடுத்து எரிபொருள். முழு மிதிக்கான லாம்டா மேப்பின் பெயர் லாம்ஃபா. அசலில் முழு மிதியிலும் பெரும்பாலும் 1.00 இருக்கும். எக்ஸாஸ்ட் சூடாகிவிட்டது என்று ஈசியூ மதிப்பிட்ட பிறகுதான் பெட்ரோலைக் கூட்டும். பூஸ்ட் ஏறிய பிறகு அதுவரை காத்திருக்கக் கூடாது. டார்க் கோரிக்கை உச்சத்தில் இருக்கும் பத்தியில் 3,000-க்கு மேல் 0.90, 4,500-க்கு மேல் 0.86 என்று சீராக இறக்குங்கள். எண்ணாகச் சொன்னால் 115, 110.

இக்னிஷனை முதலில் கூட்டவே வேண்டாம். புதியவர்கள் எஞ்சினை உடைப்பது இங்கேதான். அசல் இக்னிஷன் மேப்பின் லோட் அச்சின் கடைசிப் புள்ளி நீங்கள் புதிதாகக் கேட்கும் லோட்டுக்குக் கீழே இருந்தால், ஈசியூ கடைசிப் பத்தியின் எண்ணையே நீட்டிப் பயன்படுத்தும். கூடிய பூஸ்ட்டுக்குக் குறைய வேண்டிய டைமிங் குறையாது, நாக் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வரும். அதற்காக அச்சின் எண்ணை மாற்றப் போகும்போது ஒரு கண்ணி இருக்கிறது: அந்த அச்சைப் பல மேப்கள் பகிர்ந்து பயன்படுத்துகின்றன. இங்கே மாற்றினால் சம்பந்தமில்லாத மேப்களும் சேர்ந்து நகரும். பழகும் கட்டத்தில் அச்சை விட்டுவிட்டு, கடைசி இரண்டு பத்திகளில் 3,000 முதல் 5,000 வரை இரண்டு படி, அதாவது 1.5 டிகிரி, குறைத்துத் தொடங்குவது பாதுகாப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட இக்னிஷன் மேப்கள் இருந்தால் எல்லாவற்றிலும் அதே மாற்றம்.

நாக் தொடர்ந்தால் லோட்டைக் குறைக்கும் பாதுகாப்பு வரி ஒன்று எல்டிஆர்எக்ஸ்என்இசட்கே என்ற பெயரில் இருக்கும். அதைத் தொடாதீர்கள். பின்பக்க லாம்டா சென்சாரை அணைப்பது, தவறு கோடுகளை மறைப்பது போன்ற வேலைகளும் வேண்டாம்.

செக்சம், பிறகு எழுதுவது

மாற்றிய ஃபைலை எம்இ7சம் வழியாக விட்டு, எம்இ7செக்கில் போட்டு எல்லா வரியும் சரி என்று வருகிறதா பாருங்கள். எம்இ7-ல் செக்சம் பல அடுக்காக இருக்கும். ஒன்று தப்பினால் பி0601 அல்லது பி0605 கோடு விழும், மோசமானால் ஸ்டார்ட்டே ஆகாது. அதன் பிறகு, அசல் ஃபைலையும் புதிய ஃபைலையும் ஒப்பிட்டு எத்தனை பைட் மாறியிருக்கிறது என்று எண்ணுங்கள். பத்து இடத்தில் மட்டும் கை வைத்தேன் என்றால் அந்தப் பத்தும் செக்சம் பைட்டுகளும் மட்டுமே மாறியிருக்க வேண்டும். ஐந்நூறு மாறியிருந்தால் ட்யூனர்ப்ரோவில் எங்கோ கை தவறியிருக்கிறது.

எழுதும்போது கார் கதவைத் திறந்து மூடாதீர்கள், யாரையும் ஸ்டீரிங் பக்கம் உட்காரவிடாதீர்கள். ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் சரியும், ஆகவே எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். முடிந்ததும் இக்னிஷனை அணைத்து அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். கோடுகளை அழித்து, விசிடிஎஸ்ஸில் குரூப் 060 பேசிக் செட்டிங் ஓட்டி த்ராட்டிலைப் பழக்குங்கள்.

லாக் எடுப்பதும் படிப்பதும்

விசிடிஎஸ் நொடிக்குச் சில முறையே எண் தரும். எம்இ7லாகர் பத்து முறைக்கு மேல் தரும், ஒரே நேரத்தில் நிறைய எண்களை. உங்கள் ஃபைலையே கொடுத்து அதற்கான விவரக் கோப்பை அதோடு வரும் எம்இ7இன்ஃபோவில் உருவாக்கிக்கொள்ளலாம். எடுக்க வேண்டியவை: ஆர்பிஎம், கேட்ட லோட், உண்மை லோட், கேட்ட அழுத்தம், உண்மை அழுத்தம், வேஸ்ட்கேட் டியூட்டி (என்75 வால்வுக்கு ஈசியூ கொடுக்கும் கட்டளை, சதவீதத்தில்), த்ராட்டில் கோணம், இக்னிஷன், நான்கு சிலிண்டருக்கும் தனித்தனி நாக் திருத்தம், கேட்ட லாம்டா, உண்மை லாம்டா, இன்ஜெக்டர் நேரம், இன்டேக் வெப்பம், காற்றின் கிராம்.

மூன்றாம் கியரில் 2,000-லிருந்து 6,500 வரை ஒரே முழு மிதி. இதைப் பொதுச் சாலையில் செய்ய முடியாது, வேகம் நூறைத் தாண்டிப் போகும். டைனோ (நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிச் சக்தியை அளக்கும் கருவி) வைத்திருக்கும் கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள், அல்லது கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை டிராக் போன்ற இடங்களில் டிராக் டே கிடைக்கும்போது போங்கள். பக்கத்தில் ஒருவர் லேப்டாப்பைப் பார்க்க, நீங்கள் ஓட்டுங்கள். லாக் எடுத்தவுடனே அடுத்த ஓட்டம் வேண்டாம், இன்டர்கூலர் ஆறட்டும்.

நாக் திருத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏதாவது ஒரு சிலிண்டரில் எப்போதாவது 1.5, 2.25 டிகிரி வந்து போனால் இயல்பு. இரண்டு மூன்று சிலிண்டரில் சேர்ந்து 4 டிகிரியைத் தாண்டினால் அந்த ஆர்பிஎம்மில் டைமிங்கை இரண்டு படி குறையுங்கள். 6-க்கு மேல் போனால் உடனே மிதியை விடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். நான்காவது சிலிண்டர் மட்டும் தனியாகத் துடித்தால் மேப்பை விட்டுவிட்டு அந்த பிளக், காயில், இன்ஜெக்டரைப் பாருங்கள்.

கேட்ட அழுத்தம் ஏறுகிறது, உண்மை அழுத்தம் வரவில்லை, வேஸ்ட்கேட் டியூட்டி 95-ல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் ஒழுகல் அல்லது சோர்ந்த வேஸ்ட்கேட் ஸ்பிரிங். சிறிது நேரத்தில் பி1556 விழலாம். நேர் எதிர், அழுத்தம் 3,000 ஆர்பிஎம்மில் ஒரு துள்ளல் துள்ளி கேட்டதைவிட 0.2 பார் மேலே போய் இறங்குகிறது என்றால் என்75-க்கான கட்டுப்பாட்டு மேப்பில் அந்த இடத்தில் டியூட்டி அதிகம். துள்ளல் பெரிதானால் பி1555 விழுந்து கார் லிம்ப் மோடுக்குப் போகும், இன்ஜின் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மந்தமாகும். அழுத்தச் சென்சார் 2.5 பார் மொத்த அழுத்தம் வரைதான் அளக்கும், ஆனால் இந்த டர்போவில் அதன் அருகே போகும் வேலையே நமக்கு இல்லை.

முழு மிதியில் இருக்கும்போது த்ராட்டில் கோணம் தானே 60, 50 என்று மூடினால் டார்க் கணக்கு ஒத்துப்போகவில்லை, அல்லது அழுத்தம் துள்ளியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய அதே நொடியில் அழுத்தக் கோட்டைப் பாருங்கள்.

உண்மை லாம்டா கேட்டதைவிட 0.03-க்கு மேல் மெலிந்து போனால், அதாவது எண் கூடினால், ஃப்யூயல் ஃபில்டர், பம்ப். இன்ஜெக்டர் எவ்வளவு வேலை செய்கிறது என்று அறிய, திறந்திருக்கும் நேரத்தை மில்லிநொடியில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கி 1,200-ஆல் வகுங்கள். 6,000-ல் 15 மில்லிநொடி என்றால் 75 சதவீதம். 85-ஐத் தாண்டினால் லோட்டைக் குறைப்பதைத் தவிர வழியில்லை, இ20-ல் அந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. மார்கழிக் காலையில் எடுத்த லாக் அழகாக இருக்கும். அதே ஃபைல் அக்னி நட்சத்திரத்தில், சிக்னலில் பத்து நிமிடம் நின்ற பிறகு மிதித்தால் இன்டேக் வெப்பம் 65-ஐத் தாண்டும். பக்கவாட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன இன்டர்கூலரால் அதை இறக்க முடியாது. இறுதி ஃபைலை மே மாத மதியத்தில், வழியில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் சோதியுங்கள். 100 ஆக்டேன் போட்டு மேப் செய்துவிட்டு, ஒட்டன்சத்திரம் தாண்டி ஏதோ ஒரு பங்கில் கிடைத்ததைப் போட்டு மலை ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் காகிதமும்

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றத்தைத் தடுக்கிறது. சக்தியைக் கூட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அதன் இடத்திலேயே இருக்கட்டும், புகைச் சோதனையும் தவறாமல் எடுங்கள். டிராக்குக்கு மட்டும் வைத்திருக்கும் காரில் இதைச் செய்வதுதான் சிக்கல் குறைந்த வழி.

எழுதும்போது பாதியில் நின்றுவிட்டால்

பதற்றத்தில் பேட்டரியைக் கழற்றாதீர்கள், இக்னிஷனையும் அணைக்காதீர்கள். பல நேரம் அதே நிலையில் மறுபடி எழுதச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும். ஏற்கவில்லை என்றால் ஈசியூவை வெளியே எடுத்து, ஃப்ளாஷில் உள்ள ஃபைலை ஓட்டாமலே விழிக்கும் பூட் மோடில்தான் மீட்க வேண்டும். ஒயிப்பர் அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே அது இருக்கும்.

121 பின் கனெக்டரில் 1, 2 இரண்டும் எர்த். 3, 21, 62, 121 நான்குக்கும் 12 வோல்ட். 43-ஆம் பின் கே-லைன். மூடியைச் சூடாக்கி கோந்தை இளக்கித் திறந்தால் 44 கால்கள் கொண்ட ஃப்ளாஷ் சிப் தெரியும். அதன் 24-ஆம் காலை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் தொட்டபடி மின்சாரம் கொடுத்து, சில நொடி கழித்து எடுத்தால் ஈசியூ பூட் மோடில் விழித்திருக்கும். கால்களை எண்ணும்போது சிப்பின் ஒரு மூலையில் உள்ள புள்ளியிலிருந்து தொடங்குங்கள், உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். பக்கத்துக் காலைத் தொட்டால் சிப் போய்விடும் என்பதில்லை, ஆனால் பூட் மோடு வராமல் அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். உள்ளே நுழைந்ததும் பூட் மோடை ஆதரிக்கும் கருவியால் அசல் ஃபைலை முழுதாக எழுதுங்கள், மாற்றிய ஃபைலை அல்ல. கார் அசலில் ஓடுவதை உறுதிசெய்த பிறகு, சிலிகான் பூசி மூடியை ஒட்டுங்கள். இந்த இடத்தில்தான் மழைநீர் தேங்கும், ஒட்டு சரியாக இல்லையென்றால் அடுத்த ஐப்பசியில் ஈசியூவுக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.